மாத்தளையில் இரண்டு கடைசி உள்ள படம்

படம் முடிந்து வெளியே வருகிறவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்பதைப் போலக் கூச்சமான வேலை உலகத்தில் அதிகம் இல்லை. சாப்பிட்டவரிடம் ருசி கேட்கும் சமையல்காரருக்கும், தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லும் தையல்காரருக்கும் அந்தக் கூச்சம் தெரியும். நானோ படத்தை எடுத்தவனும் இல்லை, நடித்தவனும் இல்லை. மாத்தளை நகரத்தில் ஒரு பழைய தியேட்டருக்கு மேனேஜர். ஆனாலும் யாராவது "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஹாஜியாரின் கட்டளை

எங்கள் தியேட்டரின் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். அவருடைய மகன்மார் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்க வேண்டும் என்று நிற்கிறார்கள். போன மாரி காலத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது ஊரையே அடித்துப்போட்ட ஒரு மாயாஜாலப் படத்தை இப்போது சுத்தம் செய்து, புதுப் பிரதியாக வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் போடப் போவதாகச் சொன்னார்.

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். தீவில் இரண்டு சகோதரர்கள். தம்பியை ஒரு வெள்ளிக் கழுகு மேகமலைக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அண்ணன் ஒரு குரங்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடல் கடலாகத் தேடிப் போகிறான். ஹாஜியார் சொன்னார்: "வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேளுங்க ஞானம். சனத்துக்குப் புடிச்சா தியேட்டர், புடிக்கலைன்னா மண்டபம்."

குரங்கின் கயிறு

முதல் காட்சிக்கு மழை. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கிய பனி கடைத்தெரு வரைக்கும் வந்து நின்றது. உள்ளே முக்கால்வாசி நாற்காலி காலி. திரையிலும் பனி, வெளியிலும் பனி. பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த எனக்கு, நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

முதலில் வெளியே வந்தது இளம் சோடி ஒன்று. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். நல்ல சகுனம் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். அவளுக்குச் சளியாம். பையன்தான் பதில் சொன்னான். "படம் ஓகே அங்கிள். ஆனா குரங்கு பறக்கிறப்ப முதுகுல கயிறு தெரியுது. அந்தக் கயிறையும் நல்லாத் தொடைச்சுப் பளிச்சுன்னு ஆக்கி வச்சிருக்காங்க."

நாலந்தா டிரைவரின் முறைப்பாடு

அதே காட்சிக்குப் பக்கத்து ஊரான நாலந்தாவிலிருந்து சிவலிங்கம் வந்திருந்தார். வேன் ஓட்டுகிறவர், என் வயதுக்காரர். நேரே என் மேசைக்கு வந்து, கடைக்காரரிடம் பழுதான சாமானைத் திருப்பிக் கொடுக்கிறவரைப் போல நின்றார்.

அவருடைய கோபத்தை விளங்கிக்கொள்ள ஒரு பழைய சங்கதி தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் படம் ரீல் பெட்டிகளாக ஊர் ஊராகச் சுற்றி, எல்லா ஊரும் தின்ற மிச்சமாகத்தான் எங்களுக்கு வரும். இந்தப் படத்தின் கடைசி ரீல் மாத்தளைக்கு வந்து சேரவே இல்லை. அப்போதிருந்த ஆப்பரேட்டர், அண்ணன் படகைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் போகிற இடத்தோடு படத்தை நிறுத்தி, வேறொரு படத்திலிருந்து தாமரைப் பூப் போட்ட "சுபம்" துண்டை வெட்டி ஒட்டிவிட்டார். பனிக்குள்ளிருந்து தம்பியின் புல்லாங்குழல் கேட்கும், தாமரை மலரும், விளக்குப் போடுவார்கள். அதுதான் படம் என்று ஒரு ஊரே நம்பி வளர்ந்தது, நானும்தான். புதுப் பிரதியில் முழுசாக இருக்கிறது. பனி விலகுகிறது. மேகமலையில் காலம் நகராததால் தம்பி அதே சின்னப் பையனாக நிற்கிறான். தேடித் தேடியே அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. தம்பி அவனைப் பார்த்து, "யார் தாத்தா நீங்க?" என்று கேட்கிறான்.

"படத்தின் உண்மையான கடைசி அதுதாங்க" என்று சிவலிங்கத்திடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "நாப்பது வருஷமா நான் அந்தப் பனிக்குள்ள போய்க்கிட்டு இருக்கேன். நீங்க இப்ப கரையைக் காட்டி, இறங்குன்னு சொல்றீங்க."

ஓயாத கேள்வி

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதை. வயதானவர்கள் எல்லோரும் தாமரைப் பூவைக் கேட்டார்கள். மிளகு வியாபாரி ஒருவர் நான் படத்தைக் கெடுத்துவிட்டதாக மார்க்கெட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் தூக்கம் போய்விட்டது. எடுத்தவர்கள் எடுத்தது ஒரு படம். இந்த ஊர் பார்த்தது இன்னொன்று. இதில் எது படம்? இங்கே ஒருநாளும் ஓடியிராத ஒரு ரீலுக்காக நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்? மண்டபம் ஆகிவிட்டால் எனக்கு வேலை போகும் என்பதனால்தான் இப்படியெல்லாம் யோசிக்கிறேனா?

எங்கள் ஆப்பரேட்டர் நிமல் சிங்களவர், தமிழை நன்றாகவே பேசுவார். பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டுத் தாமரைப் படம் ஒன்றைப் போடுவது தனக்கு ஒரு நொடி வேலை என்றார். அது திருட்டு மாதிரி இல்லையா என்று கேட்டேன். அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஞானம் அண்ணே, ஊருக்குச் சொந்தமான சாமானை ஊருக்குக் குடுக்கிறது எப்படித் திருட்டு ஆகும்?"

ரத்தோட்டை டீச்சர்

தாமரைக்கு மாறிவிடலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்த நாளில் ரத்தோட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர். தனியாக வந்து, நடுவரிசையில் உட்கார்ந்தார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் எழும்பவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

அவரே பேசினார். சின்ன வயதில் இந்தப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தது அவருடைய அண்ணன். பிறகு ஒரு நாள் கொழும்பில் வேலை என்று போனவர் திரும்பவில்லை. நல்லது கெட்டது எதுவும் தெரியவில்லை. அம்மா சாகும்வரை அண்ணனுக்கும் சேர்த்தே சோறு வடித்தாராம். படகு பனிக்குள் போகிற அந்தக் கடைசியைத்தான் டீச்சர் இத்தனை காலமும் மனதில் வைத்திருந்தாராம். அதனால்தான் தேடுகிறோம், தேடுகிறோம் என்று இருக்க முடிந்ததாம்.

"இன்றைக்குக் கஷ்டமாகப் போய்விட்டதா டீச்சர்?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். குடையை எடுத்துக்கொண்டு, திரை இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "இத்தனை நாளும் எனக்கு இது தோணவே இல்லைங்க. அண்ணன் இன்னும் அங்க இருபது வயசுலேயே நிக்குது. இப்ப வந்தா என்னையப் பாத்து, யாரும்மா நீங்கன்னுதான் கேக்கும்."

இரண்டு காட்சி

அதற்குப் பிறகு எந்த ரீலையும் என்னால் ஒளிக்க முடியவில்லை. சிவலிங்கத்தின் பனியையும் கலைக்க மனம் வரவில்லை. பகல் காட்சியில் படகோடு நிறுத்தித் தாமரை போடுவது, பின்னேரக் காட்சியில் முழுப் படம் என்று வாசலில் எழுதி ஒட்டினேன். இதைக் கேட்டால் படம் எடுத்தவர்கள் என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்களோ என்று பயமும் இருந்தது.

சனம் வந்தது. மார்க்கெட்டில் என்னைத் திட்டியவர்களே இரண்டுக்கும் வந்தார்கள். இரண்டு காட்சிக்கும் நடுவில் கெண்டீனைச் சுற்றி நின்று, அண்ணன் பனிக்குள் போவதா, கரை சேர்வதா, எது சரி என்று சண்டை பிடித்தார்கள். வெளியே பனி இறங்கி, தெருவிளக்குகள் பால் போலக் கலங்கி நிற்கிற நேரத்தில், வீட்டுக்குப் போக மனமில்லாமல் வாசலில் நின்றார்கள். சிவலிங்கம் பின்னேரக் காட்சியையும் இன்னொருமுறை பார்த்துவிட்டு வந்தார். இந்தத் தடவை என் மேசைப் பக்கம் திரும்பவில்லை. நானாகவே போய்க் கேட்டேன். "பகல்ல போறேன், பின்னேரம் வந்து சேர்றேன். ஆளை விடுங்க மேனேஜர்."

ஹாஜியாரின் அபிப்பிராயம்

கடைசியில் ஹாஜியாரே பகல் காட்சிக்கு வந்தார். பின்னால் மகன்மார் இரண்டு பேர், கையில் மண்டபத்துக்கான வரைபடம். படகு பனிக்குள் போனது, தாமரை மலர்ந்தது. மகன்மார் எழும்பினார்கள், அவர் எழும்பவில்லை. மாலை அசர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய், மறுபடி அதே நாற்காலிக்கு வந்தார். மகன்மார் காரில் காத்திருந்தார்கள். பின்னேரக் காட்சி முடிந்தபோது சனம் வெளியேறும்வரை நான் வாசலில் நின்றேன். ஊராரிடமெல்லாம் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, அவர் இறங்கப் படி விளக்கைப் போட்டேன்.

அவர் மெதுவாக நடந்து வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். காரிலிருந்த மகன் கண்ணாடியை இறக்கி, "என்ன வாப்பா, எஞ்ஜினியரை வரச் சொல்லவா?" என்று கேட்டார். ஹாஜியார் என் தோளை விடாமலே பதில் சொன்னார். "நோன்பு வரைக்கும் படம் ஓடட்டும் மகன். போறவனா, சேர்றவனா, எனக்கு எது புடிச்சிருக்குன்னு இன்னும் வெளங்கல்ல. அது வெளங்காம நான் எப்படி மூடுறது?"

அபிப்பிராயம் கேட்கிறவனிடம் அவனுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்பதில்லை என்பது ஒன்றுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த நிம்மதி, கேட்டிருந்தால் ஹாஜியாரைவிட அதிக நாள் தவணை கேட்டிருப்பேன்.