டிராம்பே சாலையில் ஒரு பூநாரை

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. தாராவியில் தோல்பை தைக்கும் சிறு பட்டறை வைத்திருந்தேன். எங்கள் முதல் குழந்தை காய்ச்சலில் இறந்த பிறகு, என் மனைவி ரைஹானா யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். அழவும் இல்லை. ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று டிராம்பேயில் என் அக்கா வீட்டுக்கு அவளை அழைத்துப் போனேன்.

மான்குர்த் தாண்டி பஸ் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கினோம். சாலையை ஒட்டிய சேற்றில் நீண்ட கால்களோடு ஓர் இளஞ்சிவப்புப் பறவை நின்றது. பம்பாயில் நான் அதுவரை பார்த்திராதது.

"பூநாரை," என்றாள் ரைஹானா. "தூத்துக்குடி உப்பளத்துக்குக் கூட்டங்கூட்டமா வரும். இது ஏன் ஒத்தையில நிக்கு?"

மாதக்கணக்கில் அவள் தானாகப் பேசியது அதுதான் முதல்முறை. அந்தச் சந்தோஷத்தில், அது உதிர்த்த ஓர் இறகாவது எடுத்துத் தரலாம் என்று சேற்றில் இறங்கினேன். பத்தடி போவதற்குள் இடுப்புவரை புதைந்துவிட்டேன். அசைய அசைய உள்ளே இழுத்தது. பறவை எழுந்து பறந்துவிட்டது. ரைஹானா போட்ட கூச்சலில் கண்டக்டரும் பக்கத்து உப்பளத்து ஆட்களும் ஓடி வந்து, பலகை போட்டு என்னை இழுத்தெடுத்தார்கள்.

"பிள்ள போனது பத்தாதா? நீங்களும் போணுமா?" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிள்ளைக்காக அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள்.

அதன்பின் எத்தனையோ முறை அந்த வழியே போனோம். சேற்றுப் பக்கத்து ஜன்னலோரமே உட்காருவோம். அந்தப் பறவை வரவே இல்லை. இப்போதெல்லாம் அவள் எதையாவது பார்த்து நின்றால், எடுத்துத் தர நான் ஓடுவதில்லை. பக்கத்தில் நின்று நானும் பார்க்கிறேன்.