காய்ச்சல் விட்ட பிறகு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது அக்காவுக்கு டெங்கு வந்தது. அந்த மாதம் கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் கிடந்ததால் நான் பெரிதாகப் பயப்படவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அம்மா சாமிப்படத்துக்குப் பூ வைத்தா.

அடுத்த நாள் காலை அக்கா பல்லுத் தீட்டும் பிரஷால் தலைமயிரை வாரி இழுத்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி ஓடினார்.

"டெங்கு மூளையிலயும் பிடிச்சிட்டுது எண்டு டொக்டர் சொல்லுறார்" என்று அப்பா போனில் யாருக்கோ சொன்னது கேட்டது. மூளை என்றால் கணக்குப் போடுவதற்கு என்று நான் நினைத்திருந்தேன். அக்கா கணக்கில் கெட்டிக்காரி. கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆறுதல்பட்டேன்.

மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்தா. சின்னப்பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, கீழ்வீட்டு அன்ரியிடம் திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து, அப்பா வரும்வரை தனியே இருப்பேன். கரம் போர்டில் இரண்டு பக்கமும் நானே விளையாடினேன். அக்காவின் பக்கத்தைத்தான் வெல்ல விட்டேன்.

அக்கா மெலிந்துபோய் வீட்டுக்கு வந்தாள். நான் கட்டிலில் பக்கத்தில் போய் இருந்தேன்.

"தங்கச்சி, உங்கட பேர் என்ன?"

சொன்னேன்.

"வடிவான பேர்."

அதுவரை என் பேரைப் பழித்தே கூப்பிட்டவள். காய்ச்சல் அவளை நல்லவளாக்கிவிட்டது என்று நினைத்தேன். பின்னேரம் முழுக்க என்னோடு மரியாதையாகக் கதைத்தாள். வெளியே மங்கத் தொடங்கியதும் ஜன்னலைப் பார்த்தாள்.

"இருட்டப்போகுது. உங்கட வீட்டில தேட மாட்டினமா?"

இதுவும் ஒரு விளையாட்டு என்றே எனக்குப் பட்டது. "இல்லை, நான் பிந்திப் போறன்" என்றேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மா, மடித்த துவாயை விரித்துத் திரும்பவும் மடித்தா.

ஆறேழு மாதத்தில் அக்கா தேறி, பள்ளிக்கூடமும் போனாள், என்னோடு சண்டையும் பிடித்தாள். அந்த நாட்கள் அவளுக்கு நினைவில்லை. எனக்குத்தான் இருக்கிறது.

அக்கா வீட்டுக்கு வந்த அன்றிரவு, அவள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட சந்தோஷத்தோடு படுத்தேன். தெருவில் வழி கேட்கிறவர்களும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.