அக்காவுக்கு ரைட்டராகப் போன நாள்

பத்தாம் வகுப்புத் தேர்வு என் பெரியப்பா மகளுக்கு. பேனா பிடித்து எழுதப் போனது எட்டாம் வகுப்பில் இருந்த நான்.

மும்பை தாராவியில் எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அக்கா பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முந்தின நாள் சீரியலை ஆள் ஆளாக நடித்துக் காட்டுவாள். புத்தகத்தை விரித்தால் மட்டும் எழுத்துகள் அவளுக்குப் பிடிகொடுக்காது. 'கப்பல்' என்று எழுதச் சொன்னால் 'பக்கல்' என்று எழுதிவிட்டு, சரியாகத்தானே எழுதினேன் என்று விழிப்பாள். பெரியப்பா அதைச் சோம்பல் என்றார், அடித்தும் பார்த்தார். எங்கள் பள்ளிக்கு வாரத்தில் சில நாள் வந்துபோன ஒரு டீச்சர்தான், இது சோம்பல் இல்லை, கற்றல் குறைபாடு என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி சர்ட்டிபிகேட் வாங்க வைத்தார். பள்ளி மாடியறையில் அவளை உட்கார வைத்துப் பாடங்களை வாசித்துக் காட்டி, வாயால் பதில் சொல்லப் பழக்கினார். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதுவதற்குக் கீழ் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அழைத்துப் போகலாமாம். அதற்குப் பெயர் ரைட்டர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நான் மாட்டிக்கொண்டேன்.

"அக்கா சொல்றத மட்டும் எழுதணும்மா" என்றார் டீச்சர். "தப்புன்னு உனக்குத் தெரிஞ்சாலும் அதையேதான் எழுதணும். நீயா ஒரு வார்த்தை சேர்த்தா அவ பரீட்சையே போயிடும்."

அப்பா வேலை செய்த தோல்பை தைக்கும் பட்டறையில் யாரோ, இன்னொருத்தர் பரீட்சையை எழுதினால் போலீஸ் கேஸ் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். "அவங்களுக்கு வேற பிள்ளையே கெடைக்கலியா?" என்று அம்மா, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத குரலில் அழுதாள். பெரியப்பாவோ, இந்தத் தடவை தேறாவிட்டால் படித்தது போதும், பட்டறையில் நூல் வெட்ட உட்காரட்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, நான் தப்புச் செய்தால் ஒன்று எனக்கு ஜெயில், இல்லாவிட்டால் அக்காவுக்குப் பட்டறை. ஜெயில் எப்படி இருக்கும் என்று தெரியாததால், அந்தப் பட்டறைக்கே கம்பி போட்டு நினைத்துக்கொண்டேன்.

மாட்டுங்காவில் ஒரு பள்ளியில் கடைசி அறையை எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கண்காணிக்க வந்த மராத்திக்கார அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. நாங்கள் என்ன பேசினாலும் அவருக்குச் சந்தேகம். அக்கா குரலைத் தாழ்த்தினால், "ஜோர்ஸே போலோ", சத்தமாகச் சொல் என்று அதட்டுவார்.

அன்று அறிவியல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஓரிடத்தில், பித்தநீர் இரைப்பையில் சுரக்கிறது என்றாள். கல்லீரல் என்று எனக்குத் தெரியும். பேனா நின்றுவிட்டது.

"எழுதிட்டியாட்டி?"

இரைப்பை என்றே எழுதினேன்.

அணைத் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. காப்பியடிப்பவர்களைப் பிடிக்க வரும் பறக்கும் படை. முன்னால் வந்த உயரமானவர் விடைத்தாளை எடுத்துப் புரட்டினார். கண்காணிப்பு அம்மாள், இவர்கள் பேசுவது எனக்கு ஒன்றும் புரியவில்லை சார் என்று இந்தியில் முறையிட்டார். உயரமானவர் தாளை என் முன்னால் போட்டு, இதை வாசித்து இந்தியில் சொல் என்றார்.

எழுந்து நின்றேன். என் கையெழுத்துதான். ஆனால் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியவில்லை. ஒன்றோடொன்று சேராமல் வரிகள் தாளின் ஓரத்துக்கு ஊர்ந்து போயின. "போலோ!" என்ற அதட்டலில் அறையே இருண்டது. வாசிக்கவே தெரியாத இவளா ரைட்டர் என்று அவர் கேட்பது எங்கோ தூரத்தில் கேட்டது. வெளியே போலீஸ் வண்டி நிற்கிறது என்றே நம்பினேன்.

அக்கா எழுந்தாள். "மே போல்தி, சார். ஜவாப் மேரா ஹை." பதில் என்னுடையது, நானே சொல்கிறேன் என்று எங்கள் சந்து இந்தியில் ஆரம்பித்தாள். கையை உயர்த்தி அணை கட்டினாள்; விரல்களால் தண்ணீரை விழவைத்தாள்; மணிக்கட்டைச் சுழற்றிச் சக்கரத்தை ஓட்டினாள். நான் எழுதி நிறுத்திய வார்த்தை வரைக்கும் வந்து, இதுவரைதான் எழுதியிருக்கிறது என்று நின்றாள். அணையில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். மே மாதம் எங்கள் குழாய் மாதிரி நின்றுவிடும் சார் என்றாள். அவர் தாளை மேசையில் வைத்துவிட்டு, எழுதச் சொல்லி என்னைப் பார்த்துத் தலையசைத்துப் போய்விட்டார்.

எனக்கு இன்னும் பேனா பிடிக்க வரவில்லை. அக்கா என் மணிக்கட்டைத் தொட்டாள்.

"பதறாத பிள்ள. கொஞ்சம் பொறு. எழுத்து தானா திரும்பி வரும்."

வந்தது.

ரிசல்ட்டில் அவள் தேறியிருந்தாள். பெரியப்பா சந்து முழுக்கப் பேடா கொடுத்தார். ஆனால் எனக்கு அதிகம் நினைவிருப்பது அன்று நாங்கள் வீடு திரும்பியதுதான். ரயில் பாலத்தின் படியில் அக்கா திடீரென்று கேட்டாள்: "அந்த ஆளு வாசின்னு சொல்லும்போது, எழுத்தெல்லாம் ஒனக்கு எப்பிடி தெரிஞ்சுது?"

"எறும்பு மாதிரி ஓடிச்சுக்கா."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. பிறகு என் கையைப் பிடித்தவள், வீட்டு வாசல் வரை விடவே இல்லை. கூட்டத்தில் நான் தொலைந்துபோய்விடுவேன் என்று பயப்படுகிறாள் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.