இரட்டை மச்சக்காரன்

முப்பது வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்று "ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று ஊரையே அதட்டியதில், ஸ்டுடியோக்காரருக்கு 'ஆடாதே' என்றே பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. வாய்முகூர்த்தமோ என்னவோ, கடைசியில் அவருடைய இடது கன்னம்தான் ஆடாமல் நின்றது. தண்ணீர் குடித்தால் கடைவாயில் ஒழுகியது. தூக்கத்திலும் இடது கண் மூடவில்லை.

"தூங்கும்போதுகூட என்னை வேவு பாக்கணுமா?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் அந்தக் கண்ணை மூடிவிட்டாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். "முகத்தை ஆட்டிவைக்கிற நரம்புல ஒரு கட்டி. காதுக்குப் பின்னால, எலும்புக்குள்ள. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. வேகமா வளருதுன்னா எடுத்தாகணும். எடுத்தா நரம்பும் கூடவே போகலாம். அப்புறம் என்ன ஒட்டுப் போட்டாலும் பழைய முகம் முழுசா வராது. மெதுவா வளருதுன்னா விட்டுவைக்கலாம். எப்பலேருந்து கோணுது?"

"தெரியலையே டாக்டர்."

"பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க."

போட்டோவா! வருடம் தவறாமல் கல்யாண நாளன்று மனைவியோடு எடுத்துக்கொண்ட படங்கள் கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கின. மனிதர் ஓட்டமாக ஓடி ஒவ்வொன்றாக இறக்கினார். எல்லாவற்றிலும் வாய் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. படம் எடுக்க வந்தவர்கள் வாய் கோணியிருந்தால், கம்ப்யூட்டரில் நல்ல பக்கத்தை வெட்டி, திருப்பி, மறுபக்கம் ஒட்டுவது அவர் கைப்பழக்கம். தன் முகத்துக்கும் யோசிக்காமல் அதையே செய்திருக்கிறார். வேலை முடிந்ததும் அசலை அழித்தும் விட்டார். படத்திலிருந்த சட்டை அவருடையது. உள்ளே நின்றவன் யாரோ.

மனைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஏங்க, உங்களுக்கு மச்சம் வலது கன்னத்துல ஒண்ணுதான? இதுல ரெண்டு பக்கமும் இருக்கு!"

"இத்தன வருஷமா இதை நீ பாக்கலையா?"

"நான் என் மூஞ்சியத்தான பாப்பேன்!"

பின்னோக்கி எண்ணினார்கள். ஒன்பது படங்களில் இரண்டு மச்சம். பத்தாவதில் ஒன்றே ஒன்று; அந்த வருடம் வெட்டி ஒட்டத் தேவைப்படவில்லை.

"அப்ப ஒன்பது வருஷமா ஊர்ந்துதான் போயிருக்கு," என்றார், கொண்டுபோன படங்களைப் பார்த்த டாக்டர். "இப்போதைக்குக் கத்தி வேண்டாம். வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம்."

முகம் தப்பியது. மனைவி படங்களைத் துடைத்து அதே ஆணிகளில் மாட்டிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து கடையில் தனியாக உட்கார்ந்தால் அவருக்கு முதுகு சில்லிடுகிறது. ஒன்பது சட்டங்களிலிருந்தும் அந்த இரட்டை மச்சக்காரன் முழு வாயால் சிரிக்கிறான். பார்க்க வேண்டாமென்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

வலது கண் மட்டும் மூடுகிறது.