வாடை திரும்பிய நாளில் சந்தியாகு தாத்தாவைக் காட்டித்தந்த ஆண்டவர்

அன்புள்ள சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததை மூடி வைக்க என்னால் முடியவில்லை. அதனால் சொல்கிறேன்.

ஓர் ஐப்பசி மாதம், என் கவனக்குறைவால் ஒரு பெரியவர் காணாமற்போனார். உயிரோடு கிடைப்பார் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை.

நான் வடக்கிலும் தெற்கிலும் கடல் சூழ்ந்த மண்டபம் ஊர்க்காரி. கடலுக்குப் போன என் கணவர் திரும்பாமல் அப்போது இரண்டு வருஷம். அவரைத் தேடப் போனவர்கள் வெறுங்கையோடு வந்த அன்றே பீடத்தின் முன்னால் நின்று, "இனி உங்ககிட்ட ஒண்ணுமே கேக்க மாட்டேன்" என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். ஊர் வாய்க்குப் பயந்து பூசைக்குப் போவேன். செபம் மட்டும் வராது.

கோயிலை ஒட்டிய கொட்டகையில் கன்னியாஸ்திரிகள் வயதானவர்களைப் பகலில் பார்த்துக்கொண்டார்கள். மகன் கடலுக்கும் மருமகள் கருவாடு காயப்போடவும் போய்விட்டால் பெரியவர்களுக்கு யார் துணை? காலையில் கொண்டுவந்து விடுவார்கள், சாயங்காலம் கூட்டிப்போவார்கள். எனக்கு அங்கே அரை நாள் வேலை. குளிப்பாட்டுவேன், கஞ்சி காய்ச்சுவேன், சண்டையை விலக்குவேன். பத்துப் பன்னிரண்டு கிழடுகள் கூடிய இடத்தில் சண்டைக்கா பஞ்சம்? மதியக் கஞ்சியை ஊற்றிவிட்டு நானும் மீன் காயப்போடப் போய்விடுவேன்.

அவர்களில் சந்தியாகு தாத்தாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. மகன் பேரே மறந்துபோகும். வாசல் படல் திறந்திருந்தால் கடலைப் பார்த்து நடந்துவிடுவார். "படலைக் கட்டிட்டுப் போ தெரேசு" என்று கன்னியாஸ்திரிகளின் தலைவி மதரம்மா தினமும் சொல்வார். அன்று அவசரத்தில் நான் கட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆள் ஓடிவந்தது. தாத்தாவைக் காணோம்!

எல்லோரும் வடகடலுக்கு ஓடினோம். ஊர்ப் படகுகள் மாதக்கணக்காக அங்கேதான் கிடந்தன. தாத்தா எப்போது நழுவினாலும் அங்கேதான் கிடைப்பார். அன்று இல்லை. படகு படகாகப் பார்த்தோம், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. அவர் மகன் சூசை என்னிடம் வந்தான்.

"படலக் கட்டலையாக்கா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. கடலைப் பார்த்து மணலில் முழங்காலிட்டேன். அழகாகச் செபிக்கவில்லை, சண்டைதான் போட்டேன்.

"ஒருத்தர எடுத்துட்டீக. இவரையும் எடுத்து எந்தலையில போட்டுறாதீக. எங்க இருக்காருன்னு இப்பவே சொல்லுங்க!"

சொல்லி முடிக்கவில்லை, முகத்தில் மணல் அடித்தது. காலையில் அதே கரையில் காற்று முதுகில்தான் அடித்தது. எப்போது திரும்பியதோ, இப்போது வடக்கிலிருந்து வருகிறது. வாடைக் காற்று! வாடை பிறந்தால் வடகடல் கொந்தளிக்கும் என்று எங்கள் ஆட்கள் படகுகளைத் தென்கடலுக்கு மாற்றிவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். மகன் பேரை மறந்தவருக்குக் காற்று மறக்குமா?

"ஏலே சூசை, தென்கடலுக்கு ஓடுலே!" என்று கத்தினேன்.

ரோட்டையும் தண்டவாளத்தையும் தாண்டி ஓடினோம். ஆளில்லாத கரை. நங்கூரம் போட்ட ஒற்றைப் படகின் கயிற்றைப் பிடித்தபடி, மார்பளவு தண்ணீரில் தாத்தா நின்றார். நீர் ஏறிக்கொண்டிருந்தது. உதடெல்லாம் நடுங்க என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"வாடை வந்துட்டு, ஒரு பயலையும் காணோம்! கயித்தப் புடி தாயி!"

கயிற்றையும் பிடித்தேன், அவரையும் பிடித்தேன். சூசை அவரைத் தோளில் தூக்கிக் கரையேற்றினான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கடல் இழுத்துப்போயிருக்கும்.

காற்று தானே திரும்பியது, இதில் அற்புதம் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. காற்று எல்லார் முகத்திலும்தான் அடித்தது. எனக்கு மட்டும், அதுவும் கேட்ட அந்த நொடியில் ஏன் உறைத்தது? பதில் சொல்லட்டும், பார்க்கலாம்.

மதரம்மா என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்கப்புறம் நான் படலைக் கட்டாமல் போனதும் இல்லை, செபிக்காமல் தூங்கியதும் இல்லை. தாத்தா அடுத்த பாஸ்காத் திருநாள்வரை இருந்து, சொந்த வீட்டில், மகன் கையைப் பிடித்தபடி கண்மூடினார்.

சகோதரிகளே, ஆண்டவரோடு கோபமாக இருக்கிறீர்களா? கோபத்தோடேயே போய் அவர் முன்னால் நில்லுங்கள். கேளுங்கள், அவர் பதில் தருவார். என் கணவரை ஏன் திருப்பித் தரவில்லை என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆனால் இப்போது அதையும் அவரிடமே கேட்கிறேன்.