முன் சீட்டு

தெருவில் அவருக்கு நிதானம் என்றுதான் பெயர். பால் வாங்கப் போனாலும் சரி, பஸ் பிடிக்கப் போனாலும் சரி, அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை. முப்பது வருஷமாக ஒரு முதலாளியின் கிடங்கில் காவல் வேலை என்று மகள் நம்பினாள். அவளே நம்பும்போது தெருவுக்கு என்ன வந்தது? முதலாளி கை காட்டிய ஆளை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து கை கழுவி, தாயில்லாத அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னிவிட்ட மனுஷன் அவர்.

தொழிலில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. ஆளை மரியாதையாகக் காரின் முன் சீட்டில் உட்கார வைப்பார். அவர் துப்பாக்கியோடு பின்னால் உட்காருவார். முன் சீட்டு என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? பதினொரு பேர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். ஒருவரும் வீடு திரும்பவில்லை. முதலாளியின் கூட்டத்தில் மற்றவர்களும் அந்த முறையையே பிடித்துக்கொண்டார்கள்.

அறுபத்து மூன்று வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. போன மாதம் பன்னிரண்டாவது ஆள் பிழைத்து, ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டான். குறி தப்பவிட்டவனை முதலாளி விட்டுவைத்ததில்லை என்பது நிதானத்துக்குத் தெரியும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே சோற்றை விட்டு எழுந்து கதவிடுக்கில் பார்த்தார். ஓடிப்போவதற்காகக் குளியலறை வாளிக்குப் பின்னால் ஒரு துணிப்பையைத் தயாராக வைத்திருந்தார்.

இன்று காலை எட்டே முக்காலுக்குக் கார் வந்தது. பின் சீட்டில் ஒருவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். டிரைவர் இறங்கி முன் கதவைத் திறந்தான்.

"அண்ணே, முதலாளி கூட்டிட்டு வரச் சொன்னாரு. முன்னாடி உக்காருங்க."

அண்ணனாம்! நேற்றுவரை 'பெருசு' என்று கூப்பிட்ட வாய்.

"இருப்பா, மாத்திரை போட்டுட்டு வந்துடறேன்."

உள்ளே போய்ப் பையை எடுத்தார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளோடு மல்லுக்கட்டினார். ஒருவழியாக அது நகர்ந்த நேரத்தில் வாசலில் மகளின் குரல் கேட்டது.

"அப்பாவக் கூட்டிட்டுப் போறீங்களாண்ணா? அப்படியே என்னையும் பஸ் ஸ்டாப்புல விட்டுடுங்க."

திரும்பி வந்து ஜன்னல் வழியே பார்த்தார். மகள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்தவன் அவளுடைய பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பன் நழுவிவிட்டால் மகளை வைத்து அவனை வரவழைப்பார்கள். நிதானமே இரண்டு முறை அப்படிச் செய்தவர்தான்.

பையைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் ஓடியதைத் தெரு இன்றுதான் பார்த்தது.

"எந்திரி! அது என் இடம்."

"பஸ் ஸ்டாப் வரைக்கும்தானேப்பா. நீங்க பின்னாடி உக்காருங்களேன்."

"எந்திரின்னா எந்திரி!"

கையைப் பிடித்து இழுத்தே விட்டார். பிறந்ததிலிருந்து அவளை ஒரு அதட்டல் அதட்டியதில்லை. அந்நியர்கள் முன்னால் அவள் முகம் சுண்டிப்போனது.

"ஒரு சீட்டுக்கு இவ்வளவு பவுசா? நல்லா இருங்க!" என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அவள் தெருமுனையில் மறையும்வரை நிதானம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். சீட்டில் அவள் உட்கார்ந்த சூடு இன்னும் ஆறவில்லை.