விட்டுட்டுப் போன மாதிரியே

குணவதியின் புருஷன் அர்ஜுனன் வீட்டைவிட்டுப் போன அன்று அவனுடைய கார் கொதித்து நின்றது. சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழே, பானட்டைத் திறந்துபோட்டு ஆவிக்கு நடுவே நின்றுகொண்டு அவன் கத்தினான். மேல்மாடித் தாழ்வாரங்களில் ஆட்கள் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் பெட்டியைத் தூக்கி டாக்சியில் போட்டுவிட்டு, அவள் நின்ற மாடியை நிமிர்ந்து பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“காடியும் ஒண்ணுக்கும் உதவாது, நீயும் ஒண்ணுக்கும் உதவாதவ. ரெண்டும் இங்கேயே கெடங்க!”

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவன் எதைக் குத்திக் காட்டினான் என்பது பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. பிறகு ஒவ்வொரு வீட்டுக் கதவாகச் சாத்திக்கொண்டது. குணவதிக்கு அவன் பேச்சைவிட அந்தக் கதவுச் சத்தங்கள்தான் பல வருஷம் காதில் கிடந்தன.

கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் மீனாட்சி என்று ஒருத்தி இருந்தாள். அவளோடுதான் அவன் குடித்தனம் வைத்தான். கார் கீழேயே நின்றது. முதல் வருஷம் முழுக்க, அவன் திரும்பி வந்துவிடுவான் என்ற எண்ணத்தில் குணவதி வாரம் தவறாமல் அதைத் துடைத்து வைத்தாள். பிறகு அவள் வேலை பார்த்த தையல் தொழிற்சாலை மூடிக்கொண்டது. பிழைப்புக்கு இடியாப்பம் பிழிய ஆரம்பித்தாள். இரண்டு கூடைகளோடு பஸ் ஏறினால் கண்டக்டர் முறைப்பான், பக்கத்தில் நிற்பவர்கள் சேலையை ஒதுக்கிக்கொள்வார்கள்.

ஜெலுத்தோங் பக்கம் பட்டறை வைத்திருந்த கமாலுதீனின் மனைவி சலேஹா அவளிடம் வாடிக்கையாக இடியாப்பம் வாங்குவாள். அந்தப் பழக்கத்தில் ஒருநாள் கமாலுதீன் வந்து காரைத் திறந்து பார்த்தான்.

“அக்கா, எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. இந்தச் சின்னச் சின்ன ஓஸ்தான் ரோசாக், கெட்டுப் போச்சு” என்றான். எஞ்சினுக்குள் காற்று போகும் வாயைச் சுற்றி விரல் தடிமனில் ரப்பர்க் குழாய்கள் ஓடின. எல்லாம் வெடித்துப் பொருக்குத் தட்டியிருந்தன. “சுடுதண்ணி இதுக்குள்ள ஓடி இந்த வாயைச் சூடாக்கும். பனி கொட்டுற ஊர்ல அது ஒறஞ்சு போகாம இருக்க. பினாங்குல எங்கக்கா பனி? இந்த வால்வு இருக்கே, எஞ்சின் குளுந்து இருக்கிறப்ப தானா ஸ்பீடு ஏத்தி எறக்கி விடணும். இப்ப சிக்கிக்கிச்சு. அதான் சும்மா நிக்கிறப்பவே உறுமுது, அப்புறம் செத்துடுது.”

“என்ன செய்யணும் தம்பி?”

“எல்லாத்தையும் கழட்டிடலாம்லா. நல்ல ஓஸா ஒண்ணு போட்டுத் தண்ணியை நேரா சுத்தி விடுறேன். வால்வு ஓட்டையைத் தகடு வச்சு அடைச்சிட்டு, நிக்கிறப்ப ஓட வேண்டிய ஸ்பீடை ஸ்க்ரூவுல வச்சிடுறேன். காலையில மட்டும் செத்த நேரம் நீங்களே காலால அமுக்கிப் பிடிக்கணும்.”

மத்தியானத்துக்குள் எஞ்சினைச் சுற்றியிருந்த பாம்புக் கூட்டம் போய், ஒரே ஒரு கறுப்புக் குழாய் மிஞ்சியது. கார் சீராக ஓடியது. கழற்றிய சாமான்களைக் கமாலுதீன் குப்பையில் போடப் போனபோது குணவதி தடுத்தாள். அர்ஜுனன் வந்து, என் சாமான் எங்கே என்று கத்தினால் என்ன சொல்வது? இல்லாத புருஷனுக்குக்கூட அன்றைக்கு அவளுக்குப் பயம் இருந்தது. எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் கட்டி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தள்ளிவைத்தாள்.

லைசென்ஸ் எடுத்தாள். கருக்கலில் கூடைகளைப் பின்சீட்டில் அடுக்கி, சாவியைத் திருப்பி, எஞ்சின் சூடாகும்வரை பாதத்தால் பதமாக அழுத்திப் பிடிப்பாள். பள்ளிக்கூடக் கேண்டீன்கள், காப்பிக் கடைகள், தண்ணீர்மலைக் கோயில் விசேஷங்கள் என்று வியாபாரம் விரிந்தது. பயம் எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது. அது இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. தனியாக ஓட்டிப் போகும்போது அர்ஜுனனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஸ்டீரிங்கைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போவாள்.

தொண்ணூற்று மூன்று தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் ஒரு தண்ணீர்ப்பந்தலுக்கு இடியாப்பம் இறக்கிக்கொண்டிருந்தாள். காரை நிறுத்த இடமில்லை. எஞ்சினை ஓடவிட்டபடியே கூடைகளை எடுத்துக் கொடுத்தாள். கூட்டத்துக்குள்ளிருந்து அர்ஜுனன் அதைப் பார்த்துவிட்டான். அவளை அல்ல, அந்தச் சூட்டிலும் முனகாமல் ஓடிக்கொண்டிருந்த காரை.

அடுத்த வாரமே வீட்டு வாசலில் வந்து நின்றான். தலை நரைத்துத் தொப்பை விழுந்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை.

“காடி கிராண்ட் பத்திரம் என் பேர்லதான் இருக்கு. சனிக்கெழம வந்து எடுத்துக்குவேன்.”

“அதுலதான் என் பொழப்பு ஓடுது” என்றாள்.

“அதுக்கு நான் என்ன செய்ய? நான் விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கணும். ஒரு நட்டு கொறஞ்சாலும் போலீசுக்குப் போயிடுவேன்.”

குணவதி வாயைத் திறந்தாள். கெஞ்சத்தான் திறந்தாள். அதற்குள் தொட்டிக்கு அடியில் இருந்த சாக்கு நினைவுக்கு வந்தது. உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றியது போலிருந்தது.

“சரிங்க. நீங்க விட்டுட்டுப் போன மாதிரியே தர்றேன்” என்றாள்.

கமாலுதீன் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். “அக்கா, இது அரை நாள்கூட தாங்காது. தண்ணியெல்லாம் ஒழுகிடும்.”

“தாங்க வேணாம்.”

“எஞ்சினே போயிடும்க்கா. நல்லா ஓடுற காடி. பாவம் இல்லையா?”

“யாருக்குப் பாவம் பாக்கச் சொல்ற? போலீஸ்னு சொல்லிட்டுப் போயிருக்கார். அவர் சாமான் அவருக்கு. மாட்டு தம்பி.”

அவன் மாட்டினான். வெடித்த குழாய்கள், சிக்கிய வால்வு, துருப்பிடித்த கிளிப்புகள் எல்லாம் பழைய இடத்துக்குப் போயின. தன்னுடைய நல்ல குழாயைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் புறப்பட்டுப் போனான். அதுமட்டும்தான் குணவதிக்குக் கொஞ்சம் உறுத்தியது.

சனிக்கிழமை அர்ஜுனன் மீனாட்சியையும் கூட்டிக்கொண்டு வந்தான். மீனாட்சி ஒல்லியாக, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றாள். அவன் பானட்டைத் திறந்து, குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டான். எஞ்சின் ஒரு உறுமலோடு கிளம்பியது. “நான் பாத்துப் பாத்து வச்சிருந்த காடிலா. இன்னும் எப்படி இருக்கு பாரு” என்று மீனாட்சியிடம் பெருமையடித்தான்.

கார் தெரு முனையில் திரும்பியதும் குணவதி பஸ் பிடித்து, அக்கரைக்குப் போகும் ஃபெரித் துறைக்குப் போனாள். நல்ல சேலை ஒன்றைக் காலையிலேயே உடுத்தி வைத்திருந்தாள். வண்டி வரிசை வெயிலில் நீண்டு கிடந்தது. அர்ஜுனனின் கார் அதில் நின்று உறுமுவதும் அடங்குவதுமாக இருந்தது. அவள் பயணிகளோடு ஏறி, மேல்தளத்தின் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுடைய கார் கீழே முதல் வரிசைக்கே வந்து நின்றது. கடல் நடுவில் பானட்டின் இடுக்கிலிருந்து மெல்லிய ஆவி கிளம்பியது. எஞ்சினிலிருந்து பச்சை நிறத் தண்ணீர் தளத்தில் கோடாக ஓடியது. ஒரு பண்டிகைக்குக் காத்திருந்தவளைப் போல அவள் சிரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கரையில் பட்டர்வொர்த் துறையில் ஃபெரியின் ஏற்றுப்பாலம் இறங்கியது. கார் அசையவில்லை. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன. ஃபெரி ஆட்கள் ஓடிவந்து, தள்ளச் சொல்லிக் கத்தினார்கள். மீனாட்சி இறங்கிப் பின்னால் போய்த் தள்ளினாள். ஈரத்தில் கால் வழுக்கி முட்டி போட்டு விழுந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அர்ஜுனன் கத்தினான். “ஒண்ணுக்கும் உதவாதவளே! ஒழுங்காத் தள்ளுடி!”

குணவதியின் சிரிப்பு நின்றுபோனது. இத்தனை வருஷமும் மீனாட்சி ராணி மாதிரி இருக்கிறாள் என்று நினைத்துத்தான் அவளையும் சேர்த்துச் சபித்திருந்தாள். கம்பியை விட்டுவிட்டு, படியில் இறங்கி, ஈரத்தளத்தில் நடந்து அவன் ஜன்னலருகே போனாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“என்னடா பாக்குற?” என்றாள். வாழ்க்கையில் முதல்தடவையாக அவனை ‘டா’ போட்டாள். “நீ கேட்டபடியே கொடுத்தேன். நீ போட்டுட்டுப் போன அதே ஓஸ், அதே வால்வு. அதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டுத்தான் நான் இத்தனை வருஷம் ஓட்டினேன்.”

ஃபெரி ஆட்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான். அர்ஜுனன் முகம் கறுத்தது. குணவதி திரும்பி, முட்டியைத் தடவிக்கொண்டிருந்த மீனாட்சியைப் பார்த்தாள். “நீ தள்ளாதே. அவனே எறங்கித் தள்ளட்டும்” என்றாள். மீனாட்சி காரைவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். அர்ஜுனன் இறங்கினான். அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்வரை தள்ளியதைக் குணவதி நின்று பார்த்தாள்.

கார் பட்டர்வொர்த்தில் ஒரு மரத்தடியில் சில மாதம் கிடந்து, பழைய இரும்புக்குப் போனது. மீனாட்சி அவனோடுதான் இருந்தாள் என்று கேள்வி. கமாலுதீன் வெகுநாள் குணவதியோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. இடியாப்பம் மட்டும் சலேஹா வாங்கினாள்.

குணவதி மறுபடியும் கூடைகளோடு பஸ்ஸுக்கு நின்றாள். தோள்பட்டை வலித்தது. பாதி வாடிக்கை கைவிட்டுப் போனது. ஒரு மழைநாளில் நிறுத்தத்தில் தெரிந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

“என்னக்கா, காடி எங்க?”

“கொடுத்திட்டேன்.”

“ஐயோ, நல்லா ஓடுமே! யாருக்கு?”

“வேண்டியவருக்குத்தான்” என்றாள் குணவதி. பஸ் வந்தது. கண்டக்டர் முறைப்பதற்கு முன்னாலேயே அவனை முறைத்தபடி, கூடைகளை உள்ளே தூக்கிப் போட்டாள்.